நாற்பத்தோராம் அட்டை

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவர், இன்னைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு எப்படி வேலைக்கு வந்தாரு?"

அன்றுதான் பொறுப்பேற்றிருந்த பெண் மேலாளர் கேட்டதும் வாயிற்காவலர் தொப்பியைக் கழற்றினார்.

"தினமும் வராரும்மா. லீவே போடமாட்டாரு."

அந்தக் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் மேலாளர் உட்பட அனைவரும் வருகைக் கடிகாரத்தில் அட்டையைச் செருகி நேரம் பதிக்க வேண்டும். நாற்பத்தோராம் அட்டை ஒரு நாளும் தவறியதில்லை. இறந்த பிறகு ஆறு முறை சம்பள உயர்வு வேறு.

"செத்தவர் பேரைச் சொல்லி யாரோ சம்பளத்தை அமுக்குறாங்க. இன்னைக்கே போலீஸ்ல புகார் குடுக்கிறேன்."

அந்த அட்டைக்குரிய பாட்டில் பரிசோதனைக் கூடத்துக்கு அவரே நடந்தார். விளக்கின் முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. பெண்கள் எவரும் தலை நிமிரவில்லை.

மூலை முக்காலியில் ஆண்கள் அணியும் நீலச் சட்டை ஒன்று குனிந்திருந்தது. முதுகில் 41. முகம் தெரியவில்லை. கை மட்டும் நீண்டு, விரிசல் விட்ட பாட்டிலைச் சட்டென்று ஒதுக்கியது.

"யாரு அது?"

சட்டை மெல்லத் திரும்பியது. உள்ளே, நரைத்த கூந்தலுடன் ஒரு பெண்.

"அவரோட சம்சாரம்மா. அவர் போன மறுவாரமே இங்க உக்காந்துட்டேன்."

"உங்க பேர்ல அட்டை வாங்கிக்க வேண்டியதுதானே?"

"முதல் மாசம் குடுத்தாங்கம்மா. அதே ஸ்டூல், அதே விளக்கு, அதே பாட்டிலு. சம்பளம் மட்டும் முக்கால்வாசி. பொம்பளைக்கு அவ்வளவுதானாம். பழைய மேலாளர்தான், 'அவர் அட்டையையே போடும்மா, நான் கண்டுக்கல'ன்னாரு. புண்ணியவான், போன மாசம் அவரும் கண்ணை மூடிட்டாரு."

குரல் தாழ்ந்தது.

"காட்டிக் குடுத்துடாதீங்கம்மா. நான் என் பேர்ல உயிரோட வந்தா சின்னவ படிப்பு நின்னுடும்."

மேலாளர் அறைக்குத் திரும்பினார். புகார் எழுதப் பழைய மேலாளரின் கோப்பைப் பிரித்தார். மேலாகவே அவருடைய சம்பள உத்தரவு இருந்தது. தம்முடைய நியமன உத்தரவைக் கைப்பையிலிருந்து எடுத்து அருகே வைத்தார்.

அதே மேசை. அதே நாற்காலி.

இரண்டு தொகைகளையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

மறுநாள் காலை அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்த வாயிற்காவலரின் கை, பாதியில் நின்றது.

நாற்பத்தோராம் அட்டை, ஏழே முக்கால்.

சென்ற மாதம் இறந்துபோன பழைய மேலாளரின் அட்டை, எட்டு மணி.