ஒரு குத்து லாலாங்

“யோவ், வாயை மூடிக்கிட்டுப் படுய்யா! ஊசி போட்ட நர்ஸ் பிள்ள, ஒரு மணி நேரம் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சா இல்லியா?” என்றாள் பிரேமாவதி.

“நீதானே பேசுற?” என்று முணுமுணுத்தார் அழகேசன்.

ஆஸ்பத்திரி அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். கழுத்துவரை கம்பளி. கையில் ஏற்றிய மருந்து மெல்லத் தலைக்குப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் மூளையிலிருந்து வெட்டி எடுத்த கட்டி, மூன்றே மாதத்தில் மறுபடி முளைத்துவிட்டது. ஸ்டெம் செல் சாதியைச் சேர்ந்த சில செல்கள் கத்திக்குத் தப்பி ஒளிந்துகொண்டு, கட்டியைத் திரும்பத் திரும்ப வளர்க்கின்றனவாம். அவற்றின் தீனிப் பழக்கமே வேறாம். இந்த மருந்தைத் தின்றால், ஸ்கேன் படத்தில் மினுங்கித் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடுமாம்.

“லாலாங் புல்லு மாதிரிதான். மேல வெட்டுனா போவுமா? வேரு அடியில கிடக்கும்லா” என்றார்.

“கண்டுபிடிச்சிட்டாருய்யா! முப்பது வருஷம் லூனாஸ் தோட்டத்துல புல்லுக்கு மருந்தடிச்சு, நிரைக்கு ஒரு குத்து லாலாங்கை வேணும்னே விட்டு வச்ச ஆளுதானே நீ?”

“விடலன்னா அடுத்த மாசம் யாரு வேலை குடுப்பா? அது வேலை வாங்குற மண்டோருக்கே தெரியும்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கட்டில் லேசாக மிதந்தது. பனி விலகாத செம்பனை மரங்களுக்கு நடுவே, முதுகில் மருந்து டின்னோடு, கால் தரையில் படாமல் அவர் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு நிரையின் கடைசியிலும் ஒரு குத்து லாலாங் அகல் விளக்குப்போல எரிந்தது.

“போன ஆப்பரேஷனுக்குப் பிறகு மூணு மாசம் எங்க போயிட்ட, பிரேமா? ஒரு திட்டு இல்ல, ஒரு சண்டை இல்ல. வீடு வீடாவே இல்ல.”

“அதான் வந்துட்டேன்ல. தூங்குய்யா.”

இரண்டு நாள் கழித்து, டாக்டர் விக்னேஸ்வரன் திரையில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிற மூளையின் ஓரத்தில் மஞ்சளாய் ஒரு பொட்டு.

டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த பிரேமாவதி, “இத்தினூண்டா? இதுக்கா இவ்வளவு அலப்பறை?” என்றாள்.

டாக்டர் கண்டுகொள்ளவில்லை. டாக்டர்கள் யாருமே அவளைக் கண்டுகொள்வதில்லை.

“அங்கிள், எங்க ஒளிஞ்சிருக்குன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. இதை எடுத்துட்டா நல்ல சான்ஸ் இருக்கு. எடுக்காட்டி, இந்தத் தீபாவளி பார்க்கலாம். அடுத்ததுக்கு நான் கேரண்டி குடுக்க முடியாது. கையெழுத்துப் போடுறீங்களா?”

அழகேசன் அந்த மஞ்சள் பொட்டையே பார்த்தார். “ஒரே ஒரு குத்து மட்டும் விட்டுட முடியாதா, டாக்டர்?”

“விட்டா திரும்ப முளைக்கும், அங்கிள்.”

“அதுக்குத்தான் கேக்குறேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். “நீங்க கொஞ்சம் உள்ள வந்து பேசுங்க, ஆன்ட்டி.”

வெளியே காத்திருந்த பிரேமாவதி பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தைகூட அதிர்ந்து பேசாத பிரேமாவதி.

“என்னங்க, கொஞ்சம் மைலோ குடிக்கிறீங்களா? நீங்க எப்படிச் சொன்னாலும் எனக்குச் சம்மதங்க” என்றாள், பச்சைப் பிள்ளையிடம் பேசுவதுபோல.

டாக்டருக்குப் பின்னால் நின்றிருந்த பிரேமாவதி கொட்டாவி விட்டாள்.

அழகேசன் பிளாஸ்க்கோடு நின்றவளிடம் கேட்டார்: “எனக்கு நல்லாயிட்டா, பழையபடி என்னைத் திட்டுவியா?”

பிளாஸ்க்கை மேசையில் ‘டங்’கென்று வைத்தாள்.

“கேக்குற நேரமாய்யா இது? மொதல்ல கையெழுத்தைப் போடுய்யா!”

அழகேசன் பேனாவை எடுத்தபோது, டாக்டருக்குப் பின்னால் யாரும் இல்லை.