இலவச மேசை

நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் நடீன், கணினியிலிருந்து நிமிர்ந்தாள்.

"போன வருஷம் பாத்திரம் கழுவின சம்பளம், ரெண்டு புள்ளைங்க. நீங்க வரி கட்ட வேணாம் டெரல். வரிச்சலுகையா அரசாங்கந்தான் உங்களுக்கு அஞ்சாயிரம் டாலர் தரும்."

கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்த டெரல், "உங்களுக்கு எவ்வளவுங்க?" என்றான்.

"ஒண்ணும் வேணாம். எதிர்ல இருக்கிற வரிக் கடைன்னா இதே படிவத்துக்கு நானூறைப் புடுங்கியிருப்பானுங்க. வாசல்ல ஒரு கோமாளிய வேஷங்கட்டி ஆடவிட்டுல்ல ஆள் புடிக்கிறானுங்க!"

"தெரியும்க்கா. போன வாரந்தான் சேர்ந்தேன்."

எழுந்து கோட்டைக் கழற்றினான். உள்ளே சுதந்திர தேவியின் பச்சை அங்கி. பையிலிருந்த கிரீடத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, "சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது" என்று கிளம்பினான்.



சற்று நேரத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள்.

"எதிர்க்கடைக்குத்தாங்க போனேன். வாசல்ல ஆடுறவரு தீப்பந்தத்த இந்தப் பக்கமா காட்டிட்டாரு."