பாதி அடித்த கேற்

"ஐடென்டிட்டிய லொட்ஜுலயே வெச்சிட்டா வந்தீங்க?"

கேட்டுவிட்டு பௌஸி தலையில் கை வைத்தார். பெயின்ற் வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர் அவர். நாகேந்திரம் அவரிடம் ஸ்பிறே அடிக்கும் ஆள். வேலை நடந்த வெள்ளவத்தையில் அந்தக் கிழமைக்குள் மட்டும் ஆமியின் மூன்று சுற்றிவளைப்பு. யாழ்ப்பாணத்தான் அடையாள அட்டை இல்லாமல் அகப்பட்டால் கதை அவ்வளவுதான்.

லொட்ஜ் இருக்கிற கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போவதென்றால் வழி நெடுகச் சோதனைச் சாவடி. தானே போய் எடுத்து வருவதாகச் சொல்லி பௌஸி கிளம்பினார். அதுவரை கேற்றை விட்டு அசையக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாகேந்திரம் வேலையில் இறங்கினான். வீட்டு வாசலில், குறுகிய ஒழுங்கையைப் பார்த்த தேக்குக் கேற். பறக்கிற ஸ்டெயின் சாயம் தலையில் ஒட்டாமலிருக்க, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட துணிப்பையைக் கழுத்துவரை கவிழ்த்துக் கட்டினான். காற்றில்லாமல் வெறும் அமுக்கத்தில் துப்புகிற மெஷின் அது. ஸ்பிறே கன்னைப் பலகைக்கு ஒரு அடி தள்ளிப் பிடித்து, மேலும் கீழுமாகச் சீராக இழுக்க வேண்டும். கையோடு அவன் தலையும் ஏறி இறங்கியது.

பாதிக் கேற்றில் விசையை விட்டான். பம்ப் அடங்கிய பிறகுதான் ஒழுங்கையின் அமைதி உறைத்தது.

திரும்பினான். எதிர்ச் சுவரோடு இருபது, இருபத்தைந்து பேர் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டை.

ஆமி வந்துவிட்டது. ஒழுங்கை முகப்பில்தான் நிற்பார்கள். துணி ஓட்டைக்குள்ளால் நேரே மட்டும்தான் தெரிந்தது. தலையைத் திருப்பப் பயம். கையிலிருப்பதைத் துவக்கென்று நினைத்துச் சுட்டாலும் சுடுவார்கள். உடுப்பு மாற்றும்போது அட்டையை எடுத்து வைக்க மறந்த தன்னைத்தானே திட்டிக்கொண்டான். இனி ஊரில் இருக்கிற மனிசிக்கு யார் போய்ச் சொல்வது?

வரிசையில் இருந்தவர்கள் அவனையே பார்த்தார்கள். அட்டை இல்லாதவன் என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வரிசையை விட்டு விலகி, வளர்ந்த மகனின் கையைப் பிடித்தபடி அவனை நோக்கி வந்தாள். நில் என்று யாரும் அதட்டவில்லை. அதுவே விசித்திரமாக இருக்க, மெல்லத் தலையைத் திருப்பி முகப்பைப் பார்த்தான். ஜீப் இல்லை. ஆமி இல்லை. ஒரு ஆட்டோ மட்டும் காலியாக நின்றது.

அவள் இரண்டு அட்டைகளையும் அவன் கண்களுக்கு நேரே நீட்டினாள்.

"போன கிழமை முகமூடியோட வந்தவர் தலையாட்டினதில ஆமி பிடிச்சுக் கொண்டுபோன பக்கத்து வீட்டுப் பெடியன் இன்னும் வரேல்லை. நீங்களும் தமிழ்ப் பிள்ளைதானே, தம்பி. என்ர மகனைப் பாத்துத் தலையாட்டிப்போடாதேங்கோ."