தண்ணீர் காட்டாத செங்கல்

என் கணவர், சமையலறைச் சுவரை ஒட்டித் திறந்து கிடந்த கார் ஷெட்டுக்கு மற்ற இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, முன்னால் ஷட்டர் மாட்டி, தச்சு வேலைக்கு மேஜை போட்டுக்கொண்டார். ஷெட்டைப் பார்த்திருந்த என் சமையலறை ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தார். வேண்டாம் என்று கத்தினேன்.

"மரத்தூள் குழம்புல விழுந்தா அதுக்கும் நீதான் கத்துவ. புதுச் சுவரு, பத்து நாளைக்குக் காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்து. இல்லேன்னா சிமெண்ட் இறுகாது."

ஊற்றினேன். அவருடைய இரண்டு சுவருக்கும் குடம் குடமாக ஊற்றினேன். ஜன்னலை அடைத்த செங்கலுக்கு மட்டும் ஒரு சொட்டு காட்டவில்லை. தாளிக்கும் நெடியில் கண் எரிந்தது, ரவிக்கை முதுகோடு ஒட்டியது.

பதினோராம் நாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கொத்தனாரிடம் அவர் சொல்வது கேட்டது.

"பின்பக்கச் சுவர்ல பெரிசா ஒரு ஜன்னல் வைங்க ஆரோக்கியம். காத்து இல்லாம மனுஷன் எப்படி உள்ள நின்னு வேலை செய்வான்?"

அடுப்பை அணைத்தேன். சூடு ஆறாத தோசைத் திருப்பியைச் செங்கல் இடுக்கில் விட்டு நெம்பினேன். கலவை வெறும் மணலாகக் கொட்டியது. முதல் செங்கல் அவருடைய புது மேஜைமேல் போய் விழுந்தது.

இரண்டாவதைக் கையாலேயே தள்ளினேன்.