பச்சை வழி

“ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்” என்று பல்லைக் கடித்தான் கணவன். அவள் பார்வை மேஜைப் பக்கம் போனது.

விமான நிலையச் சுங்க அதிகாரியின் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் மாமியார் கழற்றி வைத்த மெல்லிய ஆரம், இரண்டு நூல் சங்கிலி, எட்டுக் கம்பி வளையல். ‘அறிவிக்க ஒன்றுமில்லை’ என்று போட்டிருந்த பச்சை வழியில் ராணி மாதிரி நடந்தவரை, வாசலுக்குப் பத்தடி முன்னால் மறித்து, மூவரையும் இந்த அறைக்குக் கூட்டி வந்திருந்தார் அந்தப் பெண் அதிகாரி.

மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டுத் திரும்புகிறவருக்கு நகைச் சலுகை கிடையாது. வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்குத்தான் உண்டு என்றார் அதிகாரி. தீர்வையும் அபராதமும் கட்ட வேண்டும், இல்லையென்றால் நகை இங்கேயே தங்கிவிடும்.

மகனின் சலுகையை அவன் கழுத்துச் சங்கிலியே தின்றுவிட்டிருந்தது. மிச்சம் மருமகள். மூன்று வருஷம் அங்கே குப்பை கொட்டியவள், காதில் கவரிங் தோட்டோடு நின்றாள்.

“இவளோட நகைதான் மேடம். ஆசைக்கு நான் போட்டுக்கிட்டேன்” என்று குழைந்தார் மாமியார்.

காலையில் விமானம் ஏறப் போகும்போது காரில் பேசியது வேறு. அந்த ஆரத்தை ஒருநாள் போட்டுக்கொள்ளட்டுமா என்று மருமகள் கேட்டதற்கு, “உங்க வீட்டுல என்னத்தைக் கிழிச்சாங்க? எல்லாம் என் புள்ள சம்பாத்தியம்” என்று வாயை அடைத்திருந்தார். கணவன் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்திருந்தான்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். “உங்க நகையா?”

“போட்டிருந்தது அவங்க. அவங்களையே கேளுங்க மேடம்.” அவள் நிமிர்ந்து நின்றாள். “வாயால சொன்னா காத்தோட போயிடும். எழுதித் தரச் சொல்லுங்க.”

மாமியாருக்கு மூக்கு சிவந்தது. யாரோ எவரோ முன்னால் மானத்தை வாங்குகிறாளே, வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்தார். ஆனால் அதிகாரிக்கும் அதுதான் சரியென்று பட்டது. வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டினார். மாமியார் பேனா தேடுவதற்குள் மருமகளின் பேனா முன்னால் வந்து நின்றது.

‘இந்த நகைகள் எல்லாம் கல்யாணத்தில் என் மருமகளுக்கு அவள் அப்பா போட்டவை. எனக்கோ என் மகனுக்கோ இவற்றில் எந்த உரிமையும் இல்லை.’ சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று கடைசி வரிக்கு அடியில் கோடும் இழுத்தார். மகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

நகையை எடைபோட்டு, மருமகளின் சலுகைக்குள் வந்துவிடுகிறது என்று முத்திரை குத்தினார் அதிகாரி. மாமியார் நீட்டிய கையைத் தாண்டி, தட்டு மருமகளிடம் போனது.

அவள் அவசரப்படவில்லை. எட்டு வளையல்களையும் ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றினாள். அப்புறம் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அந்தத் தாள்ல எனக்கு ஒரு நகல் குடுங்க மேடம். வெளியில என் வக்கீல் காத்துக்கிட்டிருக்காங்க.”