வெள்ளோட்டம்

“மேடம், இந்தக் கிறிஸ்துமஸுக்குள்ள நம்ம ஊர்ல பனி பெய்ய வச்சு, உங்க வீட்ல ஒரு கல்யாணத்தையும் நிச்சயம் பண்ணிக் காட்டலன்னா, நான் ஆயுசு பூரா லிஃப்ட் ரிப்பேர் பாத்ததே பொய்னு வச்சுக்குங்க!”

நூலகர் அம்மா தலை நிமிரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பனியைப் பார்ப்பதெல்லாம் ஐஸ்கிரீம் பெட்டிக்குள்தான். சொன்னவரோ ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக், தனிக்கட்டை. அவர் ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டால் அது மொட்டைமாடிவரை எங்கும் நிற்காது.

“முதல்ல புத்தகத்தைக் கொடுங்க. மறுபடியும் கிறிஸ்துமஸ் காதல் கதையா? எல்லாம் ஒரே கதைதானே!”

“அதுதானே சுகம்! அவனும் அவளும் மோதிக்கணும், காபி கொட்டணும். சேர்ந்து கேக் ருசி பாக்கணும், மரம் ஜோடிக்கணும், பனியில மாட்டிக்கணும். கடைசிப் பக்கத்துல கல்யாணம். படிச்சு முடிச்சா நெஞ்சுக்கு வெதுவெதுன்னு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கும்!”

“அந்த ஒத்தடம்தான் என் குடியைக் கெடுத்துது. என் பொண்ணும் இதைத்தான் விழுந்து விழுந்து படிக்கிறா. வர்ற வரனையெல்லாம் ‘பனியில வரலியே, நாய்க்குட்டியோட வரலியே’ன்னு தட்டிக் கழிக்கிறா. அவ அப்பா இருந்திருந்தா கூட உக்காந்து கவலைப்படவாவது ஒரு ஆள் இருந்திருக்கும்.”

“பனி கேட்டா பனியே கொடுத்துடுவோம். நம்ம மருந்துக்கடைத் தம்பி தங்கமானவர். ரெண்டு பேரையும் கதையில வர்ற மாதிரியே மோத விடுவோம். ஆனா ஒண்ணு மேடம், வெள்ளோட்டம் விடாம நான் எந்த லிஃப்ட்லயும் ஆள் ஏத்தினதில்ல. இதையும் முதல்ல நாம ரெண்டு பேரும் ஓட்டிப் பாத்துடணும்.”

மகள் வாழ்க்கையாயிற்றே! நூலகர் சம்மதித்தார்.

முதலில் காபி. எந்த வேகத்தில் மோதினால் துணியோடு போகும், தோலுக்கு வராது என்று பார்க்க வேண்டுமாம். பார்த்தார்கள். ஏசிக்காக நூலகர் போர்த்தியிருந்த சாம்பல் நிறச் சால்வை வீரமரணம் அடைந்தது. “கதையில சுடவே சுடாதே!” என்று லிஃப்ட்காரர் விழிக்க, “அறிவிருக்கா உங்களுக்கு?” என்று நூலகர் போட்ட சத்தத்தில், வாசிப்பறையில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் புதுச் சால்வை வந்தது. கிளிப்பச்சை! “இதை மனுஷங்க போடுவாங்களா?” என்று திட்டிக்கொண்டே போர்த்திக்கொண்டார்.

அடுத்து கேக். ஊரில் ஒரு பேக்கரியை விடாமல் சூறையாடினார்கள். பிறகு மரம். ஏணி உச்சியில் அவர்; ஏணியைப் பிடித்தபடி நூலகர்.

“விழுந்தா பிடிப்பீங்களா மேடம்?”

“முதல்ல விழுங்க, அப்புறம் யோசிக்கலாம்.”

சொல்லிவிட்டு நூலகர் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே ஊருக்கு மறந்து போயிருந்தது. அந்தச் சிரிப்பில் ஏணியே ஆடியது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பனிக்கான வெள்ளோட்டம். லிஃப்ட்காரர் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. அவர் கூரை மூடியைக் கம்பால் தள்ளினார். மேலே ஏற்றி வைத்திருந்த தெர்மாகோல் மணிகள் மூட்டை மூட்டையாகக் கொட்டின. தலையில், காதில், மூக்குக் கண்ணாடியில்.

“போதும், போதும்! இதுக்குப் பேர் பனியா?” நூலகருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

லிஃப்ட்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு வெள்ளோட்டம் இவ்வளவு நல்லா இருக்கக் கூடாது மேடம்,” என்றார் மெதுவாக.

நூலகர் அவசரமாகக் கதவுப் பக்கம் திரும்பினார். “லிஃப்டை எடுங்க. பொண்ணு வர்ற நேரமாச்சு.”

கீழே கதவு திறந்தது. மகளும் மருந்துக்கடைக்காரரும் கை கோத்து நின்றிருந்தார்கள்.

“அடியே, உங்களை நாங்க இன்னும் மோதவே விடலையே!”

“நாங்க மோதி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வராமத்தான் பனி, நாய்க்குட்டின்னு சாக்கு சொல்லிட்டிருந்தேன்.” மகள் லிஃப்ட்காரரைப் பார்த்துக் கண்ணடித்தாள். “என்ன அங்கிள், நான் சொல்லிக் கொடுத்த அத்தியாயம் எல்லாம் முடிஞ்சுதா? கடைசிப் பக்கம் மட்டும்தான் பாக்கியா?”

லிஃப்ட்காரர் கையிலிருந்த கம்பைக் கீழே வைத்தார். “பனி பெய்ஞ்சுதா இல்லியான்னு... உங்கம்மாதான் சொல்லணும்,” என்றார் ஒருவழியாக.

கிளிப்பச்சைச் சால்வையில் ஒட்டியிருந்த வெள்ளை மணிகளைத் தட்டிவிடப் போன நூலகரின் கை, பாதியில் நின்றது.

“பெய்ஞ்சுது,” என்றார்.