சுவருக்கு அந்தப் பக்கம்

அவளுடைய கால் கட்டைவிரல் சரியான இடத்தில் நின்றது.

அவன் அதைப் பார்த்துவிட்டான்.

அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டுக்குள் ஓர் இடம் இருக்கிறது. அதுவரை அடிவயிற்றை உலுக்கிக்கொண்டிருந்த பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இதோ வருகிறது என்று நினைக்கும்போது வராது. புதிதாகக் கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் தலையாட்டி ஏமாறுவார்கள். அவனுடைய நண்பர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஏமாந்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்காகவே அவன் போட்டுக் காட்டுவான்.

சுகந்தி ஏமாறவில்லை.

விரல் அந்தரத்தில் காத்திருந்தது. பேஸ் திரும்ப வந்து விழுந்தபோது, கூடவே தரையில் விழுந்தது.

“இந்த மாதிரியெல்லாம் நான் கேட்டதே இல்லைங்க” என்று சொல்லிவிட்டுத்தான் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்த கையோடு, இன்றைக்குத்தான் மனைவிக்கென்று அந்த ஆல்பத்தை வெளியே எடுத்தான்.

எங்கோ ஒரு குளிர் நாட்டில் ஒருவன் அறைக்குள் அடைந்து கிடந்து மெஷினிலேயே செய்தது. வார்த்தை கிடையாது. வந்து முப்பது வருடமாகிறது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பழசாகிவிட்டது, இது மட்டும் ஆகவில்லை என்பது அவன் கட்சி. தெரியாத்தனமாக யாராவது அந்தப் பேச்சை எடுத்துவிட்டால், லேசில் எழுந்து போக விடமாட்டான்.

“நல்லாயிருக்குங்களே” என்றாள்.

அவன் நான்காவது பாட்டுக்குப் போகாமல் ஆறாவதைப் போட்டான். அதிலும் ஒரு கள்ளத்தனமான இடம் உண்டு.

விரல் அங்கேயும் நின்றது.

அவனுக்குப் பகீரென்றது.

இது டீக்கடையில் ஓடுகிற பாட்டில்லை. பஸ்ஸில் போகும்போது காதில் விழுகிற பாட்டுமில்லை. யாராவது பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கோ என்று சொல்லிப் போட்டுக் காட்ட வேண்டும். கல்லூரியில் அவனே ஒருத்திக்கு அப்படிப் போட்டுக் காட்டியிருக்கிறான். அதனால்தான் இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது.

பாட்டெல்லாம் கேட்பீங்களா என்று பெண் பார்க்கப் போன அன்று கேட்டதற்கு, டீவியில் வந்தால் கேட்பேன் என்றவள் இவள்.

எவன் அவன்?

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டான்.

“யாரு உனக்கு இதப் போட்டுக் காட்டுனது?”

அந்தக் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தும் தும்மு எனக்குத் தெரியுமுங்க. எங்கே கேட்டோம்னு அப்பயிருந்தே யோசிச்சுட்டு இருக்கறேன். இதுக்கு மேல பாட்டு வேற இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியும்.”

பிறகு சொன்னாள்.

திருப்பூரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. பள்ளிக்கூட லீவில் அம்மாவும் அப்பாவும் இவளை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பின்பக்கத்து வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுக்கு வாசல் அடுத்த தெருவில். மத்தியானமானால் அங்கே யாரோ இதைப் போடுவார்கள். இவள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். முதுகெலும்பு அதிரும். தனியாக இருக்கிற பயம் போய்விடும்.

“ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாதுங்க.”

நம்புகிற மாதிரியா இருக்கிறது?

இருந்தது. அதுதான் தொல்லை. சுவரைத் தாண்டிப் போவது பேஸ் மட்டும்தான், மற்றதெல்லாம் இந்தப் பக்கமே நின்றுவிடும் என்று, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரும்போதெல்லாம் விளக்கம் சொல்கிறவன் அவன்தான்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனசு முழுசாக அடங்கவில்லை. பெயர் கிடையாது, முகம் கிடையாது, அப்படி ஓர் ஆள்மேல் பொறாமைப்படுவது எப்படி என்றும் தெரியவில்லை.

“ஒண்ணு கேட்டாச் செய்வீங்களா?”

பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“இப்பப் போடுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

போட்டான். முதல் பாட்டிலிருந்து.

எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறான். கேட்கிறவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒருவருக்கும் போட்டதில்லை.

முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டான்.

அவள் தாழ் போட்டிருக்கவில்லை. ஒரு விரலால் தள்ளினால் போதும். அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள், முகம் எப்படி இருக்கிறது, சொன்னது நிஜமா, எல்லாம் தெரிந்துவிடும்.

கையைக் கதவில் வைத்தான். கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அவன் கையை எடுத்தான். திரும்பி வந்து, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.